வலது ஓரத்துக் கருப்பு

அந்த யோசனை எனக்கு ஈரப் படங்களின் நடுவில் குந்தியிருந்தபோதுதான் வந்தது.

ஒரு வாரமாக விடாத மழை. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டுச் சுவர் வியர்க்க ஆரம்பித்தால், அலுமாரிக்குள் இருப்பதும் சேர்ந்து வியர்க்கும். அல்பத்தைப் பிரித்துப் பார்த்த அம்மா, "பூஞ்சணம் புடிச்சிருச்சு. ஒண்ணொண்ணா எடுத்துக் காய வை" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார். பல்கலைக்கழகம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு இந்த மாதிரி வேலைகள் தாமாகவே வந்து சேரும்.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், கட்டிலில் பழைய பத்திரிகைகளை விரித்துப் படங்களை வரிசையாக அடுக்கினேன். பக்கத்துக்கு இரண்டாகப் பார்த்தபோது கண்ணில் படாத ஒன்று, நாற்பது படங்களை ஒன்றாகப் பார்த்ததும் பட்டது.

ஸ்டூடியோவுக்கு வெளியே எடுத்த எல்லாப் படங்களிலும் வலது ஓரத்தில் ஒரு கருப்புப் பட்டை. இடமிருந்து பார்த்துக்கொண்டு போனால் படம் மெல்ல மங்கி, கடைசி இரண்டு விரல் அகலத்தில் முழு இருட்டாகிவிடும்.

கருப்பு எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். அந்தக் காரணத்தின் பெயர் ராஜி அத்தை.

ஆள் இல்லாத ஓரம்

ராஜி அத்தை அப்பாவின் தங்கை. மீனுவுக்கு ஒரு வயது நடக்கும்போது மாமா லொறி விபத்தில் தவறிப் போனார். அன்றிலிருந்து தாயும் மகளும் எங்கள் வீட்டில்தான். அத்தை பக்கத்துப் பாலர் பாடசாலையில் உதவிக்குப் போவார். மிச்ச நேரமெல்லாம் அடுப்படி.

விசேஷ நாட்களில் முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பது அப்பாவின் வேலை. அடுப்படிக் கதவு முற்றத்தின் வலது பக்கம். கூப்பிட்டால் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த ஓரத்திலேயே நின்றுகொள்வார். பூவும் பொட்டும் வைத்தவர்கள் நடுவில் நிற்க, தாலி இழந்தவள் தள்ளி நிற்பதுதான் சரி என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

படம் கழுவி வரும். அத்தை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருக்கும். சில படங்களில் ஒரு கை மட்டும், சிலவற்றில் சேலைக் கரை.

கெலிஓயாவில் ஒரு கல்யாணம். அங்கே அப்பா எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு உறவுக்காரம்மா ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் புள்ள நிக்கிற பக்கம் படங்கூடக் கருகிப் போகுதே." எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அதற்குப் பிறகு படம் எடுக்கும் நேரம் பார்த்து அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்.

இப்போது கட்டிலில் கிடந்த நாற்பது படங்களுக்கும் வருகிறேன். அதில் ஒன்று பொங்கல் அன்று எடுத்தது. அன்றைக்கு மீனுவுக்குக் காய்ச்சல், அத்தை அவளோடு ஆஸ்பத்திரியில். வலது ஓரத்தில் ஆளே இல்லை, வாழை மரம்தான் நிற்கிறது. அந்த வாழையும் பாதி கருப்பு.

வாழைக்கு யார் தாலி அறுத்தது?

இன்னொன்று அப்பா கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்துக் கோயில் தேரை எடுத்தது. அதில் கருப்பு ஓரத்தில் இல்லை, தேரின் உச்சியில். ஆகவே அது எந்த மனிதருக்கும் பக்கத்தில் இல்லை. அது கமராவோடு சேர்ந்து திரும்புகிறது.

இரண்டு படத்தையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"தனியா நின்னா ஒண்ணுமில்ல"

அத்தை பயணப் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு வருடம். பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மீனு எங்களோடு இருப்பாள்.

மீனுவுக்கு ஏழு வயது. அம்மாவும் அவளுமாக ஒரே படத்தில் இருப்பது ஒன்றுகூடக் கிடையாது. அதை அவளே இரண்டு நாளாகக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தை அசையவில்லை.

வாழை மரத்தைக் காட்டினேன். தேரைக் காட்டினேன். அத்தை மிளகாய்க் கை படாமல் எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாழைமரத்த வச்சுக்கிட்டு வழக்குப் பேச வந்துட்டியாடி?"

"கமராவுல கோளாறு அத்தை. உங்க பாஸ்போட் படம் எவ்வளவு நல்லா வந்துச்சு? அதுல கருப்பு இருக்கா?"

"அது தனியா நின்னது. தனியா நின்னா ஒண்ணுமில்ல." பொட்டலத்தை நூலால் சுற்றியபடியே சொன்னார். "யாரு கூட நிக்கிறேனோ அங்கதான் விழுது. ஒங்க மாமா கூட நின்னேன். போதும். புள்ள மேலயும் விழணுமா?"

ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொன்னபோது ஏன் மறுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. படம் கெடுவதற்கு அவர் பயப்படவில்லை. மீனுவுக்குப் பயந்தார்.

"நான் சரி பண்ணிக் காட்டுனா நிப்பீங்களா?"

"பண்ணு பார்ப்போம்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ்

எங்களுடையது கனமான ரஷ்யக் கமரா. தூக்கிப் போட்டால் தரை உடையும். மாநகர சபையில் தண்ணீர் மீற்றர் பார்க்கும் அப்பா, எனக்குப் பல் முளைத்த காலத்தில், யாரோ பாவித்த அதை விலைக்கு வாங்கினார். அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு வேகம்தான் தெரியும்: ஐந்நூறு. "ஐந்நூறுல வச்சா கை ஆடாது" என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

வாசகர்களுக்காக ஷட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. பிலிமுக்கு முன்னால் இரண்டு கருப்புத் துணித் திரைகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் முதல் திரை ஓடிப்போய் வழி விடும், வெளிச்சம் பிலிமில் விழும். இரண்டாவது திரை பின்னாலேயே ஓடிவந்து மூடிவிடும். வேகம் கூடக் கூட இரண்டாவது சீக்கிரம் புறப்படும். ஐந்நூறில் இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்றுத்தான் இடைவெளி. அந்தக் கீற்றுதான் பிலிமின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஓடுகிறது.

பேராதனை வீதியில் அரசாங்க பஸ் முன்னால் முக்கிக்கொண்டு போகும், தனியார் பஸ் பின்னால் துரத்தும். கண்டியில் புறப்படும்போது இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். கெலிஓயா வரும்போது முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் கமராவில் நடப்பது அதுதான் என்று ஊகித்தேன். முதல் திரை களைத்துப் போகிறது, இரண்டாவது பிடித்துவிடுகிறது. கீற்று வழியிலேயே மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு உள்ள இடமெல்லாம் இருட்டு.

ஊகம் சரி. ஆனால் எப்படிப் பார்ப்பது? லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து அழுத்தினேன். ஒரு மின்னல், அவ்வளவுதான். நூறு தடவை அழுத்தியும் மின்னல்தான்.

பௌதிகப் பாடத்தில் படித்தது அப்போது கைகொடுத்தது. டீவித் திரையில் படம் முழுதாக ஒரே நேரத்தில் தெரிவதில்லை. ஒரு வெளிச்சப் புள்ளி வரி வரியாக மேலிருந்து கீழே ஓடி ஓடி வரைகிறது. அந்த ஓட்டத்தின் எதிரில் ஷட்டரைப் பிடித்தால்? ஓடுகிற ஒன்றை அளக்க ஓடுகிற இன்னொன்று!

எங்கள் வீட்டில் டீவி இல்லை. கெலிஓயாவில் ஹனீபா நானா டீவி திருத்தும் கடை வைத்திருந்தார். அப்பாவுக்கு வேண்டியவர்; 'நானா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். பஸ் ஏறினேன்.

ஈசல் பறக்கும் திரை

"கமராவா? எனக்கு கமரா தெரியாது தங்கச்சி" என்றார் நானா. "டீவின்டா செல்லுங்க, உயிர் குடுக்கலாம்."

"உங்க டீவியப் பார்க்கத்தான் வந்தேன் நானா."

"அதுக்கு அந்தி வரைக்கும் இரிக்கணுமே. இப்ப ஒண்டும் போகாது."

"ஒண்டும் போகாத டீவிதான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உடம்பு திறந்து கிடந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைப் போட்டார். நிகழ்ச்சி இல்லாத திரையில் ஈசல் பறப்பதுபோல வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. கமராவின் முதுகைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, ஐந்நூறில் வைத்து அழுத்தினேன்.

தெரிந்தது!

இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு, சாய்வாக. வலது பக்கம் விரல் அகலம். இடது பக்கம் போகப் போக ஊசியாக மெலிந்து, முடிவதற்கு முன்பே காணாமல் போனது. பயந்து பொந்துக்குள் ஓடும் அணிலின் வால் மாதிரி.

நானாவும் வாங்கிப் பார்த்தார். "அல்லாவே! கோடு பாதியில செத்துப் பெய்த்து." அப்புறம் அவரே அரை மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஆள் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு சந்தேகம் வந்தது. கோடு சாவது இடது பக்கம். படத்தில் கருப்பு வலது பக்கம். அப்படியானால் என் கணக்கு முழுக்கப் பிழையா? கண்டி வந்து இறங்கும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். லென்ஸ் எல்லாவற்றையும் புரட்டித்தானே பிலிமில் போடுகிறது! உள்ளே இடது என்றால் படத்தில் வலது.

சந்தன வாசம்

ஞாயிறு காலை, அப்பா எதிரில் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு மேசையில் கீழ்த்தட்டைக் கழற்றினேன். கழற்றிய திருகுகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாக வைத்தேன். அத்தை அடுப்படிக்குள்ளிருந்து பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைகள் மெல்லிய உருளைகளில் சுற்றியிருக்கும். உருளைக்குள் இருக்கும் வில்தான் அவற்றை இழுக்கிறது. முதல் திரையின் உருளை ஊன்றி நிற்கும் முனையில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. தீக்குச்சியைச் சீவிச் சுரண்டினேன். நடுவில் சிவப்பாகச் சில துகள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"அப்பா, இது என்ன வாசம்?"

வாங்கி முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் குளியல் உண்டு. கத்தி, கோடரி, அம்மாவின் தையல் மெஷின், என் கணிதக் கருவிப் பெட்டி எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக இருக்கும். கமராவும் இருக்கும். லென்ஸில் படக்கூடாது என்று அப்பா அதைத் தலைகீழாக நிறுத்துவார். கீழ்த்தட்டில் திருகோரமாக ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். அது நன்றாக ஓட. அதன் மேலே நீர்க்கக் கரைத்த சந்தனத்தில் மூன்று பொட்டு. அது நன்றாக இருக்க. வருடா வருடம் இரண்டும் திருகு வழியாக உள்ளே இறங்கியிருக்கின்றன.

"லென்ஸ்ல படாமத்தானே வச்சேன்" என்றார் அப்பா.

சிரிப்பு வந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலை நனைத்து, பழைய வேட்டித் துண்டால் துடைக்கத் துடைக்கத் துணி மஞ்சளாகியது. அப்பாதான் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார்.

கிர்ர்ர்

செவ்வாய்க்கிழமை மறுபடி நானா கடை. கோடு முன்னைவிடத் தூரம் ஓடியது. ஆனால் நுனி இன்னும் மெலிந்துதான் இருந்தது. இத்தனை வருடம் இழுபட்டு முதல் திரையின் வில் தளர்ந்திருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். உருளையின் அடியில் ஒரு பூட்டுத் திருகு. அதைத் தளர்த்தினால் முறுக்கலாம்.

தளர்த்தினேன். முதலில் உருளையின் முனையைப் பிடித்துக்கொண்டுதான் தளர்த்த வேண்டும் என்பது, தளர்த்திய பிறகு தெரிந்தது.

கிர்ர்ர் என்று ஒரு சத்தம். வில் முழுக்கச் சுழன்று அவிழ்ந்தது. திரை நனைந்த துணி மாதிரி தொங்கியது.

"கமராட உசிரு பெய்த்து போல" என்றார் நானா. என் கண்ணைப் பார்த்ததும் பதறிப்போய், "இல்ல இல்ல, மயக்கம்தான். இரிங்க, தேத்தண்ணி குடிங்க" என்றார்.

எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணாமல் விட்டது நான். வெள்ளி விடிய அத்தை போகிறார். கொழும்புக்கு அனுப்பினால் மாதங்கள் ஆகும். தேநீரைத் தொடவில்லை.

பிறகு கேட்கவேண்டிய கேள்வியையே மாற்றினேன். முன்பு எத்தனை சுற்று இருந்தால் எனக்கென்ன? முன்பு இருந்தது சரியாகவா இருந்தது? கோடு எத்தனை கேட்கிறதோ அத்தனை.

இரண்டு சுற்று. பூட்டு. டீவி. திரை நடுவிலேயே நின்றுவிட்டது. மூன்று சுற்று. பாதி தூரம் கோடு. நான்கு. நுனிவரை வந்தது, மெலிவாக. ஐந்து. இப்போது நுனி பெருத்துவிட்டது. அரைச் சுற்றுக் குறைத்தேன். நானா கண்ணை வைத்தார், நான் அழுத்தினேன்.

"சொல்லுங்க நானா."

"இரிங்க." மறுபடி அழுத்தச் சொன்னார். மறுபடியும். "தங்கச்சி, அடிமட்டம் வச்சிக் கீறினாப் போல ஈக்கி."

பிலிமில் எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் நிச்சயம். கழுவி வர மூன்று நாள் ஆகும். மூன்று நாள் எங்களிடம் இல்லை. கையில் இருந்த சாட்சி அந்தக் கோடு மட்டும்.

ஓரத்தில் நின்றவர்

வியாழன் பகல் நல்ல வெயில். முற்றத்தில் எல்லோரும் நின்றோம். அத்தை அடுப்படி வாசலில்.

"சரியாயிருச்சு அத்தை. கோடு நேரா வருது."

"நீ பாத்த கோட்ட நான் எங்க பாத்தேன்?" மீனு சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் கையை மெதுவாக விடுவித்தார். "நீங்க எல்லாரும் நில்லுங்க. படத்தப் பின்னால அனுப்புங்க, நான் அங்க வச்சுப் பாத்துக்கிறேன். பூசைக்கு வச்ச சந்தனத்தாலயே கெட்டுச்சுன்னா, அதுவும் ஏதோ சொல்லுதுன்னுதானே அர்த்தம்?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா கழுத்திலிருந்து கமராவைக் கழற்றினார்.

"சாமி ஒண்ணுஞ் சொல்லல ராஜி. சந்தனத்த வச்சது நான். ஐந்நூறுல வச்சது நான்." கமராவின் சின்னக் கண்ணாடியைக் காட்டினார். "இந்த ஓட்டைக்குள்ளால பாத்துக்கிட்டு, 'ராஜி, இன்னுங் கொஞ்சம் ஓரமா நில்லு'ன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னது யாரு? அந்தக் கல்யாணப் படத்தப் பாத்து அவ கருகுதுன்னு சொன்னப்போ நானும் அங்கதான் நின்னேன். வாயத் தொறக்கல."

அத்தை அப்பாவையே பார்த்தார். "அண்ணே, அத விடுங்க…"

"விடல."

கமராவை என் கையில் கொடுத்தார். அதுவரை அவர் அதை யாரிடமும் படமெடுக்கக் கொடுத்ததில்லை. நேராக நடந்துபோய் வலது ஓரத்தில், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், அத்தை வழக்கமாக நிற்கும் இடத்துக்கும் அப்பால் நின்றார்.

"கருகுனா முதல்ல நான் கருகுறேன். நீ அந்தப் பக்கம் புள்ளயோட நில்லு."

அத்தை சிரித்தாரா அழுதாரா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கும்போது எல்லாமே கொஞ்சம் மங்கல்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மீனுவைத் தனக்கு முன்னால் இழுத்து, இரண்டு கையையும் அவள் தோளில் வைத்துக்கொண்டார்.

"எடுடி" என்றார். "அடுப்புல சோறு இருக்கு."

ஐந்நூறில்தான் எடுத்தேன். கருப்பே விழாத மெதுவான வேகத்தில் எடுத்திருந்தால் அது ஏமாற்று.

வெள்ளி விடிய அத்தை போய்விட்டார். படம் திங்கட்கிழமை வந்தது. கடை வாசலிலேயே உறையைப் பிரித்தேன். வலது நுனிவரை வெளிச்சம். கதவின் கொண்டி தெரிந்தது. அப்பா பொலிஸ்காரர் மாதிரி விறைத்து நிற்கிறார். அத்தையின் பத்து விரலும் மீனுவின் தோளில். மீனு கமராவைப் பார்க்கவேயில்லை, தலையை அண்ணாந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பிரதி போட்டோம். ஒன்று குவைத்துக்குத் தபாலில் போனது. மற்றதை மீனு இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வாரம் அத்தையின் கடிதம் வந்தது. மீனுவுக்கு ஒரு முழுப் பக்கம். அப்பாவுக்கு, "ஓரத்துல நல்லா நிக்கிறீங்க" என்று ஒரு வரி. எனக்கு எழுதியது இது: "எல்லாரையும் தினமும் பாக்குறேன். ஒன்னத்தான் காணோம். படம் எடுத்தவள எங்க போய்த் தேடுறது?"

கமராவின் முன்பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால், எடுப்பவரும் ஓடிப்போய் நிற்க நேரம் கொடுத்து, பத்து விநாடி கழித்துத் தானாகவே படம் எடுக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே அது பாதியில் நின்றுவிடும். அதைப் பார்க்க முன்தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும். கூடவே உள்ளிருக்கும் சாய்வுக் கண்ணாடியும் அசையும். பழைய கோணத்துக்கு அது திரும்பாவிட்டால் இனி ஒரு படமும் தெளிவாக விழாது.

"பத்து விநாடிக்குள்ள ஓடி வந்துருவீங்களா மதினி?" என்று மீனு கேட்டாள். முற்றத்தில் ஓடிப் பார்த்தோம். அவள் எண்ணினாள். எட்டில் வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன். இந்த முறை எண்ணிக்கொண்டுதான்.